சாப்பாட்டுக்கு முன்னால் இஞ்சி

உயர்தர உயிரியலில் சமிபாட்டுத் தொகுதி படிப்பிக்கும் கிழமையில் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "மிஸ், இஞ்சி குடிச்சா செமிக்கும் எண்டு அம்மம்மா சொல்லுறா. உண்மையா?" பாடத்திட்டத்தில் இஞ்சி இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு நான் நேரம் ஒதுக்குவேன். இரைப்பை எப்படி அசைகிறது என்பதை விளங்கப்படுத்த இஞ்சியை விட நல்ல சாட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டிலும் இதே பேச்சுத்தான். அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பல வருடமாகிறது. அண்மைக் காலமாக இரவில் இரண்டு இடியப்பம் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். "பிள்ளை, ரெண்டு வாய்தான் சாப்பிட்டனான், அதுக்குள்ள வயிறு முட்டிப்போச்சு." பார்க்க வருகிற மாமிமார், பக்கத்து மாடி அக்கா, மீன்காரர் வரைக்கும் எல்லாரும் சொல்கிற வைத்தியம் இஞ்சி. அதனால் வகுப்பில் சொல்வதையும் வீட்டில் செய்வதையும் ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் இரைப்பை. அதன் மேல்பகுதிக்கு ஒரு வேலை, கீழ்ப்பகுதிக்கு வேறு வேலை. சாப்பாடு உள்ளே போகப் போக மேல்பகுதியின் சுவர் தளர்ந்து இடம் கொடுக்கும். ஒரு தட்டுச் சோறும் கறியும் போனாலும் உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறாமல் இருப்பது இந்தத் தளர்வால்தான். கீழ்ப்பகுதிதான் ஆட்டுக்கல். அங்கே தசை தடிப்பு. நிமிடத்துக்கு மூன்று தடவை ஒரு சுருக்கம் நடுப்பகுதியில் தொடங்கிக் கீழ்நோக்கி ஓடும். அந்தத் தாளத்தைப் போடுவது தசைக்கும் நரம்புக்கும் இடையில் இருக்கிற ஒரு வகைக் கலங்கள். அவற்றை முதலில் விவரித்த ஸ்பெயின் நாட்டவர் சாந்தியாகோ ரமோன் இ கஹாலின் பெயரால்தான் இன்றைக்கும் அவை அழைக்கப்படுகின்றன. 1906இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

அலை கீழே வந்து சேரும்போது வாசலில் இருக்கிற இறுக்கித் தசை கொஞ்சமாகத்தான் திறக்கும். ஒன்றிரண்டு மில்லிமீற்றரை விடப் பெரிய துணிக்கை தப்பாது. அது திரும்ப மேலே எறியப்படும், அடுத்த அலையில் திரும்ப அரைபடும். பாகாகக் கரைந்தது மட்டும் சொட்டுச் சொட்டாக முன்சிறுகுடலுக்குப் போகும். அங்கே கொழுப்பு வந்து சேர்ந்தது தெரிந்தவுடன் குடல் ஒரு ஓமோனைச் சுரந்து "கொஞ்சம் பொறு" என்று இரைப்பைக்கு அறிவிக்கும். அதனால்தான் தண்ணீர் சில நிமிடங்களில் இறங்கிப் போகிறது, சோறு சில மணித்தியாலம் எடுக்கிறது, இரவு பத்து மணிக்குச் சாப்பிட்ட புரியாணி விடியும் வரை நெஞ்சில் நிற்பது போல இருக்கிறது.

வெறும் வயிற்றுக்கும் வேலை இருக்கிறது. ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பெரிய அலை ஒன்று கிளம்பி மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளிக்கொண்டு போகும். வகுப்பில் யாருக்காவது வயிறு இரைந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அது பசி மட்டுமில்லை, துப்புரவும் நடக்கிறது என்று சொல்வேன். ஒரு பிஸ்கட்டைக் கடித்தாலும் அந்தத் துப்புரவு நின்றுவிடும். நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு வயிறு ஏன் லேசாக இருப்பதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவும் விளங்கினால்தான் "செமிக்கல்ல" என்று நாம் சொல்வதற்குள் எத்தனை விஷயம் கிடக்கிறது என்று தெரியும். அலை சோம்பலாக இருந்து சாப்பாடு தேங்கினாலும் செமிக்கல்ல. மேல்பகுதி தளராமல் இரண்டு வாயில் நிறைந்துபோனாலும் செமிக்கல்ல. அமிலம் மேலே ஏறி நெஞ்செரிந்தாலும் செமிக்கல்ல. பெருங்குடலில் பருப்பு புளித்து வாய்வு கட்டினாலும் அதே சொல்தான். ஓங்காளத்தையும் சிலர் இதற்குள் போட்டுவிடுவார்கள். இஞ்சி இவற்றில் சிலவற்றில் நன்றாக வேலை செய்கிறது, சிலவற்றில் ஒன்றுமே செய்வதில்லை, ஒன்றில் கெடுதியும் செய்யக்கூடும்.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது தாய்வானில் செய்யப்பட்டு 2008இல் வெளிவந்தது. நோயில்லாத 24 பேர். எட்டு மணித்தியாலம் பட்டினி. பிறகு 1200 மில்லிகிராம் இஞ்சித் தூள் கப்சூலில். ஒரு மணித்தியாலம் கழித்து 500 மில்லிலீற்றர் சூப். இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு அதே சூப், ஆனால் கப்சூலுக்குள் இஞ்சி இல்லை. தங்களுக்கு எந்த நாளில் எது தரப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்து இரைப்பையின் கீழ்ப்பகுதி எவ்வளவு சுருங்குகிறது, சூப் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்தார்கள். வெறும் கப்சூல் நாளில் பாதி சூப் இறங்கச் சராசரியாக 26.7 நிமிடம் எடுத்தது. இஞ்சி நாளில் 13.1 நிமிடம். கிட்டத்தட்ட அரைவாசி. கீழ்ப்பகுதியின் சுருக்கங்களும் இஞ்சி நாளில் கூடின.

கரும்பலகையில் இந்த இரண்டு எண்களையும் எழுதினால் பிள்ளைகள் அம்மம்மா வென்றுவிட்டா என்று கைதட்டுவார்கள். நான் உடனே 1993ஐ எழுதுவேன். மயக்க மருந்து மருத்துவர்களுக்கான பிரித்தானிய இதழ் ஒன்றில் அந்த வருடம் வந்த இன்னொரு சோதனை அது. அதில் பயன்படுத்திய உத்தி அழகானது: இஞ்சியோடு பரசிட்டமோல், அதாவது நம் வீட்டுப் பனடோல், கொடுத்துவிட்டு இரத்தத்தில் அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தார்கள். பரசிட்டமோல் இரைப்பையில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு, சிறுகுடலுக்குப் போனால்தான் இரத்தத்துக்கு வரும். ஆகவே இரத்தத்தில் ஏறும் வேகமே இரைப்பை காலியாகும் வேகம். அந்தச் சோதனையில் 1 கிராம் இஞ்சி எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை. அளவு கிட்டத்தட்ட ஒன்று, முறை வேறு, விடையும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, "இப்ப என்ன சொல்லுவீங்கள்?" என்று கேட்பேன். வகுப்பில் எனக்குப் பிடித்த ஐந்து நிமிடம் அதுதான்.

அதே தாய்வான் ஆட்கள் 2011இல் இன்னொன்று செய்தார்கள். இந்தத் தடவை சுகதேகிகள் இல்லை. எண்டோஸ்கோப்பி போட்டுப் பார்த்தால் புண்ணோ கட்டியோ ஒன்றுமில்லை, ஆனால் சாப்பிட்டால் வயிறு பாரம், சீக்கிரம் நிறைந்துவிடுகிறது என்று சொல்கிற நோயாளர்கள் 11 பேர். அதே 1.2 கிராம் இஞ்சி. பாதி சூப் இறங்க இஞ்சியோடு 12.3 நிமிடம், இல்லாமல் 16.1 நிமிடம். வேகம் கூடித்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு வயிற்றுப் பாரம் குறைந்ததா என்று கேட்டபோது பெரிய வித்தியாசம் இல்லை. இரைப்பை, குடல் ஓமோன்களிலும் மாற்றம் இல்லை.

இஞ்சி பற்றி எழுதுகிறவர்கள் பலர் 2008ஐ மட்டும் சொல்லிவிட்டு 2011இன் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். இரைப்பை வேகமாகக் காலியாவது வேறு, வயிறு சுகமாக இருப்பது வேறு. மேல்பகுதி தளராததால் வயிறு முட்டுகிறவருக்கு, கீழ்ப்பகுதியை எவ்வளவு விரட்டினாலும் பாரம் அப்படியே இருக்கலாம். பதினொரு பேரை வைத்து முடிந்த முடிவாக எதையும் சொல்லக்கூடாது என்பதும் உண்மை. அதனால் இஞ்சி இரைப்பையின் அலையை உசுப்புகிறது என்று நான் நம்பிக்கையோடு சொல்வேன். இஞ்சியால் உங்கள் வயிற்றுப் பாரம் போய்விடும் என்று யாருக்கும் உறுதி கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரண்டு தாய்வான் சோதனைகளிலும் இஞ்சி சாப்பாட்டுக்கு முன்னால் உள்ளே போனது. நாங்கள் என்ன செய்கிறோம்? கலியாண வீட்டில் வடை, பாயாசம், பதினாறு கறி எல்லாம் முடித்து, எழும்ப முடியாமல் எழும்பி, அதற்குப் பிறகு இஞ்சி பிளேன்டி கேட்கிறோம். கொழுப்பு ஏற்கெனவே குடலைத் தொட்டு "பொறு" என்று சொல்லி முடித்த பிறகு வருகிற இஞ்சிக்கு எவ்வளவு இடம் இருக்கும்? "காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்" என்று பழையவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுதைக் குறித்து வைத்தார்கள். நேரம் பார்த்து எடுக்கிற அந்தப் புத்தி எனக்குப் பிடிக்கும்.

சரி, ஓங்காளம். இஞ்சியின் உண்மையான கெட்டித்தனம் இங்கேதான் என்பது என் எண்ணம். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கடுகண்ணாவ வளைவில் ஒரு பிள்ளை சத்தி எடுக்கத் தொடங்கினால் றம்பொடை தாண்டுவதற்குள் பாதி பஸ் சன்னல் பக்கம் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். 1982இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சோதனை ஒன்றில், பஸ்ஸில் சத்தி எடுக்கிற வகையான மாணவர்களைச் சுழலும் கதிரையில் இருத்திப் பார்த்தார்கள். இஞ்சித் தூள் எடுத்தவர்கள், வழமையான பிரயாண மாத்திரை எடுத்தவர்களை விடக் கூடுதலான நேரம் தாக்குப் பிடித்தார்கள். 1988இல் டென்மார்க்கில் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரைக் கொந்தளிப்பான கடலில் வைத்துப் பார்த்ததில், 1 கிராம் இஞ்சி எடுத்தவர்களுக்குச் சத்தியும் குளிர் வியர்வையும் குறைவாக இருந்தன.

அது எப்படி நடக்கிறது என்பதில்தான் இரைப்பையின் அசைவு திரும்ப வருகிறது. ஓங்காளம் வரும்போது நிமிடத்துக்கு மூன்று என்ற அந்தத் தாளம் குழம்பிப்போகும். நாலு, ஆறு, எட்டு என்று ஒழுங்கில்லாமல் ஓடும், ஆனால் ஒரு சுருக்கமும் உருப்படியாக இருக்காது. 2003இல் வந்த ஒரு ஆய்வில், சுழலும் வரிக்கோடுகளைப் பார்க்க வைத்து ஓங்காளத்தை உண்டாக்கி, வயிற்றின் தோலில் ஒட்டிய மின்வாய்களால் இந்தத் தாளத்தை அளந்தார்கள். முன்கூட்டியே இஞ்சி எடுத்தவர்களுக்குத் தாளம் குழம்புவது குறைந்தது. ஓங்காள நேரத்தில் இரத்தத்தில் ஏறும் வசோபிரெசின் என்ற ஓமோனும் குறைவாகத்தான் ஏறியது.

குடல் சுவரில் செரடோனின் நிறைய இருக்கிறது. அது நரம்பு முனையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஏற்பியில் போய் ஒட்டினால் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு "சத்தி எடு" என்ற செய்தி போகும். ஆஸ்பத்திரியில் சத்திக்குக் கொடுக்கிற ஒண்டான்செட்ரோன் மாத்திரை அந்த ஏற்பியை அடைத்துத்தான் வேலை செய்கிறது. இஞ்சியில் உள்ள ஜிஞ்சரோலும் ஷோகாவோலும் அதே ஏற்பியை, மாத்திரை அளவுக்கு வலுவாக இல்லாவிட்டாலும், தடுக்கின்றன என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். மிளகாய் எரிவை உணர்கிற ஏற்பியையும் இதே பொருட்கள் தொடுகின்றன. இஞ்சியைக் கடித்ததும் தொண்டை எரிவது அதனால்தான்.

கூடப் போட்டால் கூட வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிற 576 பேருக்கு, வழக்கமான சத்தி மாத்திரையோடு சேர்த்து நாளுக்கு அரை கிராம், 1 கிராம், ஒன்றரை கிராம் என்று இஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாக வேலை செய்தவை அரை கிராமும் 1 கிராமும். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற உறவினர்கள் கேட்டால் நான் சொல்வது: முதலில் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள், அவர் சரி என்றால் கொஞ்சமாக எடுங்கள், அவர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

1 கிராம் என்றால் எவ்வளவு? இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் பயன்பட்டது காய்ந்த தூள், எங்கள் வேர்க்கொம்பு. பச்சை இஞ்சியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஆகவே 1 கிராம் வேர்க்கொம்புக்குச் சமம் சுமார் 5 கிராம் பச்சை இஞ்சி. கேக் செய்ய வைத்திருக்கும் டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். தோல் சீவிய இஞ்சியில் என் பெருவிரல் நுனி அளவு துண்டு ஒன்று அவ்வளவு வருகிறது. ஆனால் பச்சையும் காய்ந்ததும் ஒன்றல்ல. காயும்போது ஜிஞ்சரோலில் ஒரு பகுதி தண்ணீரை இழந்து ஷோகாவோலாக மாறுகிறது, அது இன்னும் உறைப்பு. வேர்க்கொம்பு பச்சை இஞ்சியை விட நெஞ்சைச் சுடுவது இதனால்தான். தேத்தண்ணியில் தட்டிப் போட்ட இஞ்சியின் கதை வேறு. இந்தப் பொருட்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. வடித்துவிட்டு சக்கையை எறிந்தால் நிறைய அதோடு போய்விடும். குடிப்பதென்றால் நசித்துப் போட்டு மூடிக் கொதிக்க விட்டு, சக்கையையும் கொஞ்சம் மென்றுவிடுங்கள்.

வேர்க்கொம்பு வாங்க நான் புறக்கோட்டைக்குத்தான் போவேன். கேபோஸ் லேனில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்த ஒழுங்கைக்குள் கால் வைத்ததுமே கடுக்காயும் வெந்தயமும் கலந்த வாசம். சாக்கின் வாயை விரித்து வைத்திருப்பார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும் துண்டுகளை எடுக்காதீர்கள், அவை சுண்ணாம்பில் தோய்த்துக் காயவைத்தவையாக இருக்கலாம். சாம்பல் கலந்த மண்ணிறமாக, முறித்தால் டக்கென்று சத்தம் வருகிற துண்டுதான் நல்லது. உடைத்த இடத்தில் நார் தெரிய வேண்டும், மூக்கில் வைத்தால் உடனே ஏற வேண்டும். பூஞ்சணம் மணந்தால் கடைக்காரர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, மொட்டை மாடியில் ஒரு வெயில் காயவைத்து, உரலில் இடித்து அரிதட்டில் அரித்துப் போத்தலில் போடுவேன். மிக்ஸியில் போட்டால் நார் சுருண்டு பிளேட்டில் சிக்கிக்கொள்ளும்.

பச்சை இஞ்சியிலும் ஆள் பார்த்து வாங்க வேண்டும். சந்தையில் பெரிய பெரிய விரல்களோடு, வெளிறிய மஞ்சளாக, வழுவழுவென்று இருப்பது சீன இஞ்சி. தோல் சீவ லேசு, தண்ணீர்ச் சத்துக் கூட, உறைப்புக் குறைவு. உள்ளூர் இஞ்சி சின்னது, முடிச்சு முடிச்சாக இருக்கும், நார் அதிகம். கறிக்கு எது என்றாலும் சரி. மருந்துக்கு என்றால் உள்ளூர் இஞ்சி என்று நான் பிடிவாதமாக நிற்பேன், விலை கூட என்றாலும்.

பச்சை இஞ்சிக்கு மட்டும் இருக்கிற ஒரு குணத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. அதில் புரதத்தை உடைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. இளஞ்சூட்டுப் பாலில் பச்சை இஞ்சிச் சாற்றை ஊற்றினால் பால் கட்டிப்படும், தென்சீனாவில் அதையே ஒரு இனிப்பாகச் செய்கிறார்கள். ஆட்டிறைச்சியைச் சமைக்க முன் இஞ்சி உள்ளி பூசி ஊறவைத்தால் மெதுமையாவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் நன்றாகச் சூடேறினால் நொதியம் செத்துவிடும். ஆகவே கொதித்த இஞ்சித் தண்ணி வயிற்றுக்குள் போய் இறைச்சியைக் கரைக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில் எலிகளுக்கு இஞ்சி கலந்த உணவு கொடுத்தபோது பித்தநீர்ச் சுரப்பும் கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நொதியமும் கூடியதைக் கண்டார்கள். அது எலியில் நடந்தது என்பதை நான் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் அழுத்திச் சொல்வேன்.

இனி அம்மா. வயிறு முட்டுகிறது என்றவுடன் நான் இஞ்சியைத் தட்டப் போகவில்லை, கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். நீண்ட காலச் சீனி வருத்தம் வேகஸ் நரம்பையும் அந்தத் தாளம் போடுகிற கலங்களையும் கெடுத்துவிடக்கூடும். அப்போது இரைப்பை சோம்பிப்போகும். காலையில் சாப்பிட்டது பின்னேரம் சத்தியில் அப்படியே வருகிற அளவுக்குச் சிலருக்குப் போகும். இதை உறுதிப்படுத்த முதலில் எண்டோஸ்கோப்பி, வழியில் புண்ணோ அடைப்போ இல்லை என்று பார்க்க. அதற்குப் பிறகு தேவையென்றால் கதிரியக்கத் துளி கலந்த முட்டையும் பாணும் சாப்பிடக் கொடுத்து நாலு மணித்தியாலம் படம் எடுப்பார்கள். நாலு மணித்தியாலத்துக்குப் பிறகும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வயிற்றில் கிடந்தால் இரைப்பை மந்தம் என்று முடிவு.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது வெறும் வயிற்றுப் பிரச்சினை இல்லை. ஊசி நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும், சாப்பாடு மட்டும் இரைப்பையில் தேங்கி நிற்கும். சாப்பிட்ட கையோடு சீனி இறங்கி ஆள் வியர்த்து விழுவார், பிறகு சில மணித்தியாலத்தில் சீனி எகிறும். "சாப்பிட்டுத்தானே ஊசி போட்டனான், ஏன் இறங்கினது?" என்று குழம்புகிற பெரியவர்கள் கொழும்பில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து டொக்டரிடம் இந்த விஷயத்தைச் சொல்லுங்கள். எடை குறைக்கவும் சீனிக்கும் போடுகிற செமாக்ளூட்டைட் ஊசியும் இரைப்பையை மெதுவாக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

அம்மாவுக்கு டொக்டர் சொன்னதில் பெரும் பகுதி சாப்பாடு பற்றியது. மூன்று வேளையைச் சின்னச் சின்ன ஐந்தாகப் பிரிப்பது, எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறைப்பது, நார் கூடியதைத் தவிர்ப்பது, சாப்பிட்டு உடனே சாயாமல் வீட்டுக்குள் நடப்பது. குரக்கன் பிட்டும் முருங்கைக்கீரையும் சீனிக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர் அம்மா. மந்தமான இரைப்பைக்கு அந்த நார் அரைபடாமல் கிடக்கும் என்று சொன்னபோது நம்பவே மாட்டேன் என்றுவிட்டார். இப்போது சோற்றைக் குழைய அவித்து, மரக்கறியைத் தோல் நீக்கி மசித்துக் கொடுக்கிறேன்.

இஞ்சி? கொடுக்கிறேன். டொக்டரிடம் கேட்டுத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால், வேர்க்கொம்புத் தூள் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். பனங்கட்டி கடிக்க விடுவதில்லை, அதில் முதலில் சண்டை. இரத்தச் சீனி உயர்ந்தாலே இரைப்பையின் தாளம் குழம்பும் என்பது பலருக்குத் தெரியாது. 2003இல் மிச்சிகனில் சுகதேகிகளின் சீனியை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தபோது அந்தத் தாளம் கெட்டது. முன்னால் 1 கிராம் இஞ்சி எடுத்திருந்தால் கெடுவது குறைந்தது. அப்படியிருக்க, சீனி அள்ளிப் போட்ட இஞ்சித் தேத்தண்ணியும் இனிப்பான ஜிஞ்சர் பியரும் சீனி வருத்தக்காரரின் வயிற்றுக்கு என்ன நன்மை செய்யும்? அம்மாவுக்கு ஓங்காளம் குறைந்திருக்கிறது, அதை அவரே சொல்கிறார். வயிறு முட்டுவது குறைந்ததற்கு இஞ்சியைப் பாராட்டுவதா, சின்னச் சாப்பாட்டைப் பாராட்டுவதா என்றால், நான் சாப்பாட்டைத்தான் சொல்வேன். சீனி அளவு ஒழுங்குக்கு வந்ததையும் சேர்த்துச் சொல்வேன்.

நெஞ்செரிவுக்காரர்கள் கவனம். இரைப்பைக்கும் களத்துக்கும் (உணவுக்குழாய்க்கும்) இடையில் இருக்கிற கதவு சரியாக மூடாதவர்களுக்கு இஞ்சி எரிவைக் கூட்டக்கூடும், அதிலும் வெறும் வயிற்றில் வேர்க்கொம்பு. நாளுக்கு நாலைந்து கிராமுக்கு மேல் போனால் சுகதேகிகளுக்கே நெஞ்சு எரியக்கூடும். பித்தக் கல் இருப்பவர்கள் கேட்காமல் எடுக்க வேண்டாம். மசக்கைக்கு இஞ்சி உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது அளவை உங்கள் டொக்டர் சொல்லட்டும். மெலிந்துகொண்டே போனால், விழுங்கக் கஷ்டமென்றால், மலம் கறுத்துப் போனால், சத்தியில் இரத்தம் கண்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இஞ்சி தட்டிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இன்னொரு சொல். இஞ்சி இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்களுக்கும் அது பொருந்தும். "வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், வேர்க்கொம்பு அவர்களுக்கு மருந்து இல்லை, சமையலறைச் சாமான். அடுத்த தடவை கிளினிக்கில் கேட்கும்போது, மாத்திரைப் பெயர்களோடு அதையும் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.